அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தோட்டத்துப் பூ: 98 நாள் குறிப்பு

"டேலியா வைத்துத் தருகிறேன்" என்று அண்ணன் மகளிடம் வாக்குக் கொடுத்ததுதான் இந்த வேலையில் நான் செய்த முதல் தவறு. கைபேசியில் ஒரு படம் காட்டினாள். சந்தன நிறத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு டேலியாக்கள். அவற்றைச் சுற்றி வழியும் பச்சைத் தழை. என் தோட்டத்தில் ஐந்து டேலியாச் செடிகள் இருந்தன. அந்தத் தைரியத்தில் தலையை ஆட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு அன்று 98 நாள் இருந்தது.

பூவின் பெயரை வாக்காகக் கொடுக்கக் கூடாது, நிறத்தை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது எனக்கு எண்பத்தொன்பதாம் நாள்தான் புரிந்தது. அந்தக் கதை கொஞ்சம் தள்ளி வரும்.

முதல் வாரம் மண்ணைத் தொடவே இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குத்தான் போட்டேன். மணப்பெண் கையில் பிடிக்கும் செண்டுக்கு 40 பூ. தோழிகள் மூவருக்குத் தலா 20 என்று 60. பன்னிரண்டு மேசைகள், மேசைக்கு 15 என்று 180. மணமக்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மர வளைவு, அதற்கு 80. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னச் செண்டு ஆறு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பூ. ஆக மொத்தம் 378. தோட்டத்துப் பூவில் கோணல் காம்பு இருக்கும், புழு கடித்த இதழ் இருக்கும், கத்தரிக்கோல் தவறி வெட்டிய மொட்டும் இருக்கும். அதனால் மூன்றில் ஒரு பங்கு கூட்டினேன். 500-க்குச் சற்று மேலே போனது. தழை இதில் சேரவில்லை. அதற்குத் தனிப் பக்கம்.

ஐந்து டேலியாச் செடி ஒரே வாரத்தில் எத்தனை பூ கொடுக்கும்? நல்ல காலத்தில் பதினைந்து. இந்த எண்ணை அன்றே எழுதி அவளிடம் காட்டியிருந்தால் பிறகு பாதிச் சங்கடம் குறைந்திருக்கும். காட்டவில்லை.

விதைப்பு நாளைக் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். கோழிக்கொண்டைக்கும் வாடாமல்லிக்கும் விதையிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும் என்பதால் அவை முதல் வாரக் கடைசியிலேயே நாற்றுத் தட்டுக்குள் போய்விட்டன. ஜினியா 60 முதல் 70 நாளில் பூக்கும். நுனி கிள்ளினால் ஒரு வாரம் பிந்தும். ஆகவே கல்யாணத்துக்கு 85 நாள் இருக்கையில் ஒரு தடவை, 75 நாள் இருக்கையில் இன்னொரு தடவை விதைத்தேன். காஸ்மாஸும் செண்டுமல்லியும் 75-இல்.

சூரியகாந்திதான் தொல்லை. செண்டுக்கு ஏற்ற ஒற்றைத் தண்டு வகை ஒரே ஒரு பூ கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டிவிடும். ஜினியாவைப் போல வெட்ட வெட்டத் தழைக்காது. நுனியைக் கிள்ளினால் இருக்கிற ஒரு பூவும் போய்விடும். 50 முதல் 60 நாளுக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் அது விரியலாம்; விரிந்தால் ஒரு வாரம்தான் கணக்கு. எனவே 62, 55, 48 நாள் இருக்கையில் என்று மூன்று தொகுதியாக, தொகுதிக்கு 15 விதை ஊன்றினேன். மகரந்தம் உதிராத வகையாகப் பார்த்து வாங்கினேன். வெளிர் நிறப் பட்டில் மஞ்சள் தூள் கொட்டினால் எந்தத் தோழியும் மன்னிக்க மாட்டாள்.

ஜினியா ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினேன். நான்கு ஜோடி இலை விட்டு, அதற்கு மேல் உள்ளதை நகத்தால் ஒரு அழுத்து. கிள்ளாத செடி நடுவில் ஒரு பெரிய பூவும், பக்கத்தில் குட்டைக் காம்புப் பூக்களுமாக நிற்கும். கிள்ளிய செடியில் நான்கைந்து கிளை ஒரே உயரத்தில் எழும்பும். காம்பு நீளம்தான் இங்கே செல்வம். மூன்று அங்குலக் காம்பு உள்ள அழகான பூவை மிதக்க விடலாம், செண்டு கட்ட முடியாது.

பாத்திக்கு மேலே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நைலான் வலையைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினேன். அரை அடிக் கட்டங்கள். செடி அந்தக் கட்டங்களுக்குள் நுழைந்து வளர வேண்டும். செடி படுத்த பிறகு நிமிர்த்திக் கட்டுகிறேன் என்று சோம்பல்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: படுத்த காஸ்மாஸ் இரண்டு நாளில் நுனியை மட்டும் வானத்தை நோக்கி வளைத்துக்கொள்ளும். பிறகு அதை நேராக்க எந்தத் தச்சனாலும் ஆகாது.

இனி தழை. இந்த வேலையில் பூவைவிட எனக்கு அதிகம் பாடம் சொல்லிக்கொடுத்தது தழைதான். படத்தில் பூ கண்ணைப் பிடிக்கும். ஆனால் ஒரு வளைவில் முக்கால் பங்கு இடத்தை நிரப்புவது பச்சை. அதைக் கடைசி நாளில் "எங்காவது கிடைக்கும்" என்று விட்டுவிட்டால் ஐநூறு பூவும் கம்பி வலையில் ஒட்டவைத்த பொட்டுகளாகத் தெரியும்.

தோட்டத்தில் என்னிடம் இருந்தவை திருநீற்றுப்பச்சிலை, மரிக்கொழுந்து, பெரணி, குரோட்டன், ஆஸ்பராகஸ் தழை, சுவரேறிக் கிடந்த மணி பிளான்ட், ரோஜாக் கிளை ஆகியவை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு வாடல் சோதனை வைத்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று கிளை வெட்டி, ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்தி, காலை ஏழு மணிக்கு வெளியே எடுத்துத் தண்ணீரே இல்லாமல் நிழலில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டேன். மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து நோட்டில் எழுதினேன். வீட்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுதவில்லை.

திருநீற்றுப்பச்சிலை எட்டு மணிக்கே தலையைத் தொங்கப்போட்டது. ரோஜாவின் இளந்தளிர் ஒன்பதுக்கு. பெரணி பதினொன்றுக்கு ஓரம் சுருண்டது. மரிக்கொழுந்து மதியம் வரை ஏதோ சமாளித்தது. ஆஸ்பராகஸ் மாலையிலும் பச்சையாகவே இருந்தது. அதன் ஊசியிலை உதிர ஆரம்பித்தது மறுநாள்தான். குரோட்டனும் மணி பிளான்ட்டும் மாலை ஏழு மணிக்கு, காலையில் தொங்கவிட்ட அதே மினுமினுப்போடு இருந்தன. கொடியை மறுநாளும் விட்டுப் பார்த்தேன். அது கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. வளைவின் முதுகெலும்பு எது என்பது அந்தக் கயிற்றிலேயே முடிவாகிவிட்டது. தண்ணீர் இல்லாத இடத்துக்குக் கொடியும் குரோட்டனும். தண்ணீர் உள்ள குவளைக்குப் பெரணியும் மரிக்கொழுந்தும். மணி பிளான்ட்டின் சாறு தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டு வெட்டுவது நல்லது.

திருநீற்றுப்பச்சிலையைக் கைவிட மனம் வரவில்லை. அந்த வாசனை செண்டில் இருந்தால் பூவுக்கு மணமில்லை என்ற குறையே தெரியாது. ஜினியாவுக்கும் சூரியகாந்திக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. மறுபடி சோதித்தபோது காரணம் பிடிபட்டது. நான் வெட்டியது கொழுந்து. அடித்தண்டு கொஞ்சம் மரமாகி, உச்சியில் பூங்கதிர் விட்ட முற்றிய கிளையைச் சூரியன் இறங்கிய பிறகு வெட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் ஓர் இரவு நிறுத்தினால் அது கம்பீரமாக நின்றது. தண்ணீரில் இருக்கும்வரை வாடவே இல்லை. அன்றிலிருந்து அந்தச் செடிகளில் கதிரைக் கிள்ளுவதை நிறுத்தி முற்றவிட்டேன்.

வேலி ஓரத்தில் அரளியும் பூத்துக் குலுங்கியது. சாப்பாட்டு மேசைக்கு அதை வைக்கலாமே என்று அண்ணன் கேட்டார். அரளியின் இலை, பூ, காம்பு, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகள் கை எட்டும் மேசைக்கு வராது என்று முடித்துவிட்டேன். தோட்டத்துப் பூ என்றால் எல்லாமே சாது என்று நினைப்பவர்கள் அதிகம்.

கல்யாணத்துக்கு 12 நாள். அன்று காலை ஜினியா, காஸ்மாஸ், செண்டுமல்லி மூன்றிலும் மலர்ந்திருந்த பூவையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டி எடுத்தேன். கிளையை ஆழமாக, அடுத்த கணு வரை வெட்டினேன். முதல் விதைப்பின் பூக்கள் அப்போது உச்சத்தில் இருந்தன. அண்ணி வாசலில் நின்று பார்த்தவர் பதறிவிட்டார்.

"பூவையெல்லாம் மொட்டையடித்துவிட்டாயே! கல்யாணத்துக்கு என்ன செய்வாய்?"

"இன்றைக்கு இருக்கிற பூ கல்யாணத்தன்று கிழவி அண்ணி. இதை எடுத்தால்தான் அடுத்தது அந்த வாரத்தில் வரும்."

சொல்லிவிட்டேனே தவிர, பச்சையாக மட்டும் நின்ற பாத்தியைப் பார்க்க எனக்கும் வயிற்றைக் கலக்கியது. டேலியாவை மட்டும் வெட்டவில்லை. ஐந்தே செடி, பாதி விரிந்த ஒன்பது பூ, கை வரவில்லை.

மூன்று நாள் கழித்து, அதாவது எண்பத்தொன்பதாம் நாள் இரவு, மழை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. டேலியாவின் ஒவ்வோர் இதழும் ஒரு சின்னக் கரண்டி. அந்தக் கரண்டிகள் எல்லாம் தண்ணீரை ஏந்திக்கொண்டன. பாரம் தாங்காமல் நான்கு தண்டு முறிந்தது. மிச்சம் நின்றவற்றில் மூன்றாம் நாள் பழுப்புப் புள்ளி; ஐந்தாம் நாள் சாம்பல் பூஞ்சை. பக்கத்துப் பாத்தியில் மொட்டாக மட்டுமே இருந்த ஜினியா மழையைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல நின்றது. மொட்டையடித்ததால் தப்பித்தது, பாசத்தால் விட்டுவைத்தது அழிந்தது. வலைக்குள் இருந்த காஸ்மாஸ் சாய்ந்தது, ஆனால் படுக்கவில்லை.

அண்ணன் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு அது போதுமான தண்டனையாக இருந்தது.

"அத்தை, கடையில் வாங்கிவிடலாமா?" என்றாள்.

"வாங்கலாம். அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ."

மறுநாள் மாலை ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, தோட்டத்தில் அன்று இருந்த ஒவ்வொன்றிலும் ஒரு பூ, ஒரு தழை என்று பரப்பி வைத்தேன். பெயர் எதையும் சொல்லவில்லை. "உன் புடவைக்கும் உன் மனசுக்கும் எது பொருந்துகிறதோ அதை எடுத்து ஒரு பக்கம் வை" என்றேன். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் எடுத்தாள், வைத்தாள், மாற்றினாள். கடைசியில் ஒரு பக்கம் நின்றவை சந்தன நிற ஜினியா, அரக்கு நிறக் கோழிக்கொண்டை, மாந்தளிர் நிறத்தில் குரோட்டன் இலை, வெள்ளைக் காஸ்மாஸ், வெந்தய மஞ்சளில் ஒரே ஒரு செண்டுமல்லி. வெளுப்பு, கறுப்புச் சிவப்பு, நடுவில் ஒரு கீற்று மஞ்சள். படத்தில் அவளைப் பிடித்திழுத்தது அந்த நிறம்தான். அது டேலியாவாக வேண்டும் என்று அவளுக்கும் கட்டாயமில்லை போலிருக்கிறது. இதழ் அடுக்கடுக்காக உள்ள பெரிய ஜினியாவை விதைப் பட்டியல்களே டேலியா வடிவ ஜினியா என்றுதான் குறிக்கின்றன. அதை அவளிடம் சொன்னபோது முறைத்தாள், பிறகு சிரித்தாள்.

பூவை நிறுத்தும் வழிக்கு வருகிறேன். பச்சை நிறத்தில் செங்கல் போல விற்கும் பூ ஸ்பாஞ்சை நான் தொடுவதில்லை. 1954-இல் அமெரிக்காவில் வந்த சரக்கு; பீனால் பார்மால்டிஹைடு பிளாஸ்டிக். ஒரு தடவை குத்திய ஓட்டை ஓட்டைதான், மறுபடி உதவாது. மக்காது, நொறுங்கி நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகி, வாளி கழுவிய தண்ணீரோடு மண்ணுக்குள் போகும். அந்த மண்ணில்தான் நான் அடுத்த விதையைப் போட வேண்டும். அதற்கு முந்தைய காலத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கோழிக்கூட்டுக் கம்பி வலையைக் கசக்கிப் பாத்திரத்துக்குள் திணித்தார்கள். 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்த கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையின் கையிருப்பு இந்தக் கம்பி வலைதான். வேலியோரக் கொடியையும் காய்கறித் தோட்டத்துக் கீரை இலையையும் பெரிய மாளிகைகளுக்குள் கொண்டுபோய் வைத்த அம்மையார் அவர். மகாராணிக்குப் போதுமானது எங்களுக்குப் போதும்.

வளைவு ஏழடி உயரம், ஐந்தடி அகலம். கம்பி வலையை உருளையாகச் சுருட்டி, உள்ளே ஈரப் பாசி திணித்து, மரச்சட்டத்தில் இரண்டடிக்கு ஒரு கட்டு. ஒத்திகைக்காக ஆறு நாள் முன்பு தோட்டத்தில் நிறுத்தி, கொடியை மட்டும் ஏற்றினேன். அழகாகத்தான் இருந்தது, காற்று ஒரு தடவை மூச்சு விடும்வரை. மொத்தச் சட்டமும் முன்பக்கம் குப்புற விழுந்தது. தழை முழுக்க முன்னால், பின்னால் ஒன்றுமில்லை. பாரம் எல்லாம் ஒரே பக்கம். கல்யாணத்தன்று மணமக்கள் தலையில் விழ வேண்டியது, என் ஜினியா நாற்றின் மேல் விழுந்தது, தப்பித்தோம். இரண்டு காலிலும் பின்பக்கம் நோக்கி ஒன்றரை அடிக் கட்டை ஆணியடித்து, அதன் மேல் மணல் மூட்டை வைத்தோம். மூட்டைக்கு மேலே பெரணித் தொட்டி வைத்தால் மூட்டை இருப்பதே தெரியாது. பின்பக்கமும் கொஞ்சம் குரோட்டன் குத்தினேன். புகைப்படக்காரர்கள் பின்னால் போகத்தான் போவார்கள்.

செண்டுமல்லிக்கு ஒரு பலவீனம் உண்டு. பூத்தலைக்குக் கீழே காம்பு புடைத்து, உள்ளே கூடாக இருக்கும். நீளக் காம்போடு செண்டில் வைத்தால் தலை கனத்தில் அந்த இடத்தில் மடங்கும். ஒத்திகைச் செண்டில் பதினொன்றில் நான்கு மடங்கின. அதனால் செண்டில் அதை அடியோடு நிறுத்திவிட்டு, குட்டைக் குவளைகளுக்கும் வளைவுக்கும் ஒதுக்கினேன். அவள் எடுத்த அந்த ஒரே ஒரு மஞ்சளின் இடத்தைச் செண்டில் மஞ்சள் ஜினியா பார்த்துக்கொண்டது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் வாளிகளைப் பிளீச்சிங் திரவம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பூ வாடுவதற்குப் பெரும்பாலும் தாகம் காரணமில்லை, வெட்டுவாய் அடைத்துக்கொள்வதுதான். தண்ணீரில் பெருகும் பாக்டீரியா காம்பின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். நாம் குடிக்கத் துணிகிற அளவுக்கு வாளி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். கத்தரிக்கோலைத் தீட்டி வைத்தேன். மழுங்கிய கத்தரி காம்பை வெட்டாது, நசுக்கும். மரத்தண்டுகளைச் சுத்தியலால் தட்டி நசுக்கினால் நன்றாகத் தண்ணீர் குடிக்கும் என்று சொல்வார்கள். நானும் பல வருடம் தட்டியிருக்கிறேன். நசுங்கிய நார்தான் பாக்டீரியாவுக்கு விருந்து. சாய்வாக வெட்டி, நுனியை நெடுக்கில் ஓரங்குலம் கீறிவிட்டால் போதும்.

இரண்டு நாள் இருக்கையில், விடியற்காலை ஐந்தரைக்கு வெட்ட ஆரம்பித்தோம். நான், அண்ணி, அவர் தங்கை. இரவெல்லாம் குடித்த தண்ணீர் அந்த நேரத்தில் காம்பில் நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் செலவாகிவிடும்.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவத்துக்கு ஏழு பெயர் வைத்திருக்கிறோம். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எதற்கு என்று தோன்றியது. வாளியோடு பாத்தியில் நிற்கும்போதுதான் தெரிகிறது. காஸ்மாஸை முகையாக, இதழ் பிரியத் தொடங்கும்போது வெட்டினால்தான் மறுநாள் மலரும். மலர்ந்ததை வெட்டினால் மேசையில் உதிரும். சூரியகாந்தியில் இதழ் வட்டிலிருந்து நிமிரத் தொடங்கியதும் வெட்டலாம். ரோஜாவில் புல்லிவட்டம் கீழே மடங்கி, வெளி இதழ் ஒன்று தளர வேண்டும். ஜினியா இதற்கெல்லாம் நேர் எதிர். வெட்டிய பிறகு அது மேற்கொண்டு விரியவே விரியாது. முழுதாக மலர்ந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் மலர்ந்தது போலத் தோன்றும் எல்லாம் முற்றியதல்ல.

அண்ணியின் தங்கைக்கு அதைக் காட்டிக்கொடுத்தேன். பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். தலை தளதளவென்று ஆடி, கழுத்து வளைந்தால் இன்னும் இளசு. வெட்டினால் ஒரு மணி நேரத்தில் கவிழ்ந்துவிடும். காம்பு குச்சி போல விறைத்து, பூவும் கையும் ஒன்றாக அசைந்தால் எடுக்கலாம். பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் நின்ற இரண்டு பூவில் ஒன்று ஆடியது, இன்னொன்று அசையவில்லை. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விரலுக்குத் தெரியும். அதன் பிறகு அவர் ஒவ்வொரு பூவோடும் கைகுலுக்கிக்கொண்டே பாத்தி முழுக்க நடந்தார்.

சூரியகாந்தியில் முதல் தொகுதி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே பூத்து முடிந்துவிடும் என்று பயந்திருந்தேன். மேகமூட்டத்தால் அது பிந்தி, அறுபதாம் நாளில், சரியாக வெட்டுகிற அன்று இதழை நிமிர்த்தியது. நான் நம்பியிருந்த இரண்டாம் தொகுதி அன்று பச்சைப் பொத்தானாக நின்றது.

வெட்டிய நொடியில் தண்ணீர் உள்ள வாளிக்குள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலையையெல்லாம் உருவி, மேலேயும் பாதியைக் குறைத்தோம். கோழிக்கொண்டைக்கு இலை மொத்தத்தையும் எடுத்துவிட்டோம். அதன் பூ இரண்டு வாரம் நிற்கும், இலை இரண்டு நாளில் வாடி மானத்தை வாங்கும். வாளிகள் எல்லாம் இருட்டான, குளிர்ச்சியான பின்னறைக்குப் போயின. பழக்கூடையை அங்கிருந்து அப்புறப்படுத்தினேன். பழுக்கிற வாழையும் ஆப்பிளும் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதுமையாக்கும். குளிர்பதனப் பெட்டியில் இடமிருந்தும் ஜினியாவை வைக்கவில்லை. கடுங்குளிரில் அதன் இதழ் கறுக்கும்.

மறுநாள், கல்யாணத்துக்கு முந்தின நாள், குவளைகளும் செண்டும். குவளைகளில் சொல்ல அதிகம் இல்லை. முதலில் தழை, பிறகு உயரமான பூ, பிறகு கழுத்தோரம் குட்டைச் செண்டுமல்லி. எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிய வேண்டும் என்பதால் உயரம் ஓரடியைத் தாண்டவில்லை. முப்பது குவளைக்குப் பிறகு கை தானாக வேலை செய்தது, நாங்கள் ஊர்வம்பு பேசினோம்.

செண்டைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கட்டினேன். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு நல்ல பெரிய ஜினியா நேராக. அடுத்த கிளை அதன் மேல் சாய்வாக, தலை இடப்பக்கம், அடி வலப்பக்கம். செண்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அடுத்ததும் அதே சாய்வில். மறுபடி திருப்ப வேண்டும். ஒன்று கூட எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. இப்படிப் போனால் அடிக்காம்புகள் முறுக்கிய கயிறு போல விரியும். நடுவில் பிடிக்கும் இடம் ஒல்லியாக இருக்கும். பூத்தலைகள் ஒன்றையொன்று நசுக்காமல் குடையாகும். ஆறாவது பூவில் திருநீற்றுப்பச்சிலைக் கதிர், பத்தாவதில் கோழிக்கொண்டை. இருபதுக்கு மேல் உள்ளங்கை வலிக்க ஆரம்பித்தது. முப்பதாவது பூவில் பார்த்தால் ஒரு காஸ்மாஸ் எதிர்ச்சாய்வில் போயிருக்கிறது. அங்கே ஒரு முடிச்சு போலத் துருத்திக்கொண்டு நின்றது. அதை இழுத்தால் இதழ் போகும், விட்டால் சாய்வு போகும். மொத்தத்தையும் மேசையில் கொட்டி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை 36-இல் நிறுத்திவிட்டேன். 40 என்பது நோட்டில் போட்ட கணக்கு. அவள் கை சின்னது. சணல் கயிற்றால் கட்டி, அடியை ஒரே மட்டமாக வெட்டி, மேசைமேல் வைத்து விரலை எடுத்தேன். துணையில்லாமல் தானே நின்றது. சாய்வு சரியாக இருந்தால்தான் அப்படி நிற்கும். இரவு முழுக்க அது குவளைத் தண்ணீரில் நின்றது. பட்டு ரிப்பன் மறுநாள் காலைதான்.

கல்யாணத்தன்று நாலு மணிக்கு வளைவு. கொடியும் குரோட்டனும் முந்தின மாலையே ஏறியிருந்தன. பூவை மட்டும் கடைசியில் ஏற்றினோம். ரோஜாவும் ஜினியாவும் ரப்பர் மூடி போட்ட சின்னத் தண்ணீர்க் குழாய்களோடு போயின; கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் வெறுங்காம்போடு. எண்பதில் எழுபத்தொன்றுதான் ஏறியது, நேரம் முடிந்துவிட்டது. ஒன்பது பூ குறைந்த இடத்தை அண்ணன் உட்பட ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் படத்தில் இன்றைக்கும் தெரிகிறது, வலது தோளுக்கு மேலே.

சட்டைச் செண்டுக்கு வாடாமல்லியும் ஒரு துணுக்கு ஆஸ்பராகஸும். வாடாமல்லியில் நாம் பூ என்று பார்ப்பது இதழே அல்ல. காகிதம் போல உலர்ந்த பூவடிச் செதில்கள். நசுங்காது, தாகம் எடுக்காது, எத்தனை பேர் கட்டிப்பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். சட்டையில் குத்த அதைவிட நல்ல பூ என் தோட்டத்தில் இல்லை.

கூட்டத்தில் ஒரு பெண்மணி அண்ணன் மகளின் கையைப் பிடித்துச் செண்டைப் பார்த்துவிட்டு, "டேலியா ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார். அவள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்த்தாள். நான் வளைவின் மணல் மூட்டையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பிரித்தெடுக்கும் வேலை. கம்பி வலை சுருட்டிப் பரணுக்கு, தண்ணீர்க் குழாய்கள் கழுவிப் பெட்டிக்கு, தழையும் பூவும் உரக்குழிக்கு. மணி பிளான்ட்டில் கணு உள்ள துண்டுகளைத் தண்ணீரில் போட்டேன். இரண்டு வாரத்தில் வேர் விட்டன. முறிந்த டேலியாக்களைத் தரையோடு வெட்டிக் கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தன.

மூன்றாம் தொகுதிச் சூரியகாந்தி கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் பூத்தது. பதினான்கு பூ, எல்லாம் நேர்க்காம்பு, ஒன்றில்கூடப் புழு இல்லை. மறுவாரம் புதுமணப்பெண்ணாக வந்தவள் வாசலில் நின்று, "அத்தை, இதெல்லாம் யாருக்கு?" என்றாள். பதில் சொல்வதற்குள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.